தலையில் மோட்டார் சைக்கிள் வைத்த யோருபா முகமூடி: போலியா?

ஊர்சுற்றி, மார்ச் 4, மாலை

லாகோஸில் வேலை பார்க்கும் மைத்துனர் ஒரு முகமூடியின் படம் அனுப்பியிருக்கிறார். யோருபா, கெலெடே என்று சொல்லி விற்கிறார்களாம். கீழே அமைதியான பெண் முகம், கன்னத்தில் மூன்று கோடு, அதற்கு மேலே ஒருத்தன் மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்திருக்கிறான். மஞ்சள், நீலம், சிவப்பு என்று பெயின்ட் வேறு. "சடங்கில் ஆடியது, நூறு வருஷப் பழசு" என்கிறாராம் கடைக்காரர். டூரிஸ்ட்டுக்குச் செய்த போலி என்றுதான் எனக்குப் படுகிறது. நிஜமான சடங்கு முகமூடி என்றால் கறுத்துப்போய், பார்த்தால் பயம் வருகிற மாதிரி இருக்க வேண்டாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், வாங்கச் சொல்லட்டுமா வேண்டாமா?

இக்கேஜாவாசி, மார்ச் 4, இரவு

நூறு வருஷம் பொய். மோட்டார் சைக்கிள் பொய் இல்லை. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள்.

கெலெடே என்பது நைஜீரியாவிலும் பக்கத்து நாடுகளிலும் இருக்கும் யோருபா மக்களின் முகமூடி ஆட்டம். அதன் முகமூடிக்கு இரண்டு பாகம். கீழே முகம். அது பெரும்பாலும் சலனமில்லாமல், இளமையாக இருக்கும். மேலே என்ன வேண்டுமானாலும் வரும். பாம்பு, பறவை, தலைக்கட்டு, தட்டில் சாமான் சுமக்கும் வியாபாரி, தையல் மெஷின், ஆகாய விமானம், தலைப்பாகை கட்டிய முஸ்லிம், தொப்பி போட்ட வெள்ளைக்கார அதிகாரி. ஊரில் அந்தச் சமயத்தில் எதைப் பற்றிப் பேசுகிறார்களோ, எதைப் பார்த்து வியக்கிறார்களோ, யாரைக் கிண்டல் செய்கிறார்களோ, அது மேலே ஏறிவிடும். மோட்டார் சைக்கிள் ஊருக்குள் வந்தது, முகமூடி மேலும் ஏறியது. அவ்வளவுதான். "பழைய சமாசாரத்தை மட்டுமே செதுக்கு" என்று அந்தச் சிற்பிகளிடம் யாரும் சொன்னதில்லை. அந்தக் கட்டளை நாம் போடுவது.

வயது விஷயம். அந்த ஈரப்பதத்தில், கரையான் இருக்கிற ஊரில், லேசான மரத்தில் செய்து, ஒவ்வொரு திருவிழாவுக்கும் எடுத்து ஆடி, மறுபடி சமையலறைப் பரணில் போட்டால் அது எத்தனை வருஷம் தாங்கும்? பழையதாக இருப்பவை பெரும்பாலும் அருங்காட்சியகத்துக்குச் சீக்கிரமே போய்விட்டவை. தெருக்கடையில் நூறு வருஷம் கிடைக்காது.

இக்கேஜாவாசி, மார்ச் 4, தூங்கும் முன்

ஒன்று விட்டுப்போச்சு. மைத்துனரிடம் முகமூடியைத் திருப்பிப் போட்டு ஓரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். கீழ் விளிம்பைச் சுற்றி வரிசையாகத் துளை இருக்கிறதா? ஆடுவதற்குச் செய்ததில் இருக்கும். துணியைக் கோத்துக் கட்டுவதற்கு. துளையே இல்லை, பின்னால் ஆணியில் மாட்ட ஒரு கொக்கி மட்டும் இருக்கிறது என்றால் அது சுவருக்குப் பிறந்தது. துளை இருந்தும் அதன் ஓரங்கள் நேற்று துளைத்த மாதிரி கூராக இருந்தால், பிறந்தது ஆட்டத்துக்கு, ஆடவில்லை.

உள்பக்கமும் பார்க்கட்டும். தலை உரசி, வியர்வை ஊறி வழவழப்பாகியிருக்கும். வெளிப்பக்கத்தை மூன்று நாளில் பழசாக்க எல்லாருக்கும் தெரியும். உள்பக்கத்துக்கு யாரும் அவ்வளவு மெனக்கெடுவதில்லை.

இக்கேஜாவாசி, மார்ச் 5

"அதென்ன தலைமேல் வைப்பது, முகமூடி என்றால் முகத்தில்தானே" என்று கேட்ட தம்பிக்கு.

கெலெடே முகத்தில் மாட்டுவது இல்லை. தொப்பி மாதிரி தலையின் மேல்பாகத்தில், கொஞ்சம் முன்னால் சாய்ந்து உட்காரும். ஆடுபவரின் நிஜ முகத்துக்கு முன்னால் மெல்லிய துணி தொங்கும், அதன் வழியாகத்தான் அவர் பார்க்கிறார். அதனால் மர முகத்தில் கண்மணியைத் துளைத்திருப்பது பார்வைக்காக அல்ல. அந்தக் கறுப்பு ஓட்டை வெயிலில் நிஜக் கண் போலத் தெரிகிறது.

நான் லாகோஸில் இருந்தபோது எல்லை தாண்டி பெனின் நாட்டில், பொர்த்தோ நோவோவுக்கு வடக்கே ஒரு ஊரில் பகல் ஆட்டம் பார்த்தேன். செமே எல்லையில் வண்டி நின்ற நேரம் ஆட்டம் பார்த்த நேரத்தைவிட அதிகம், அது வேறு கதை. போய்ச் சேர்ந்தபோது சின்னப் பையன்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். முகமூடி என்று தேறாத ஒரு மரத்துண்டு தலையில், காலில் சலங்கை பெரிதாக, பையன் சின்னதாக. கூட்டம் சிரிக்கிறது, ஆனால் தாளக்காரர்கள் சிரிக்கவில்லை, பெரியவனுக்கு வாசிக்கிற அதே கவனத்தோடு வாசிக்கிறார்கள். அப்புறம் வயசு ஏற ஏற ஆட்டமும் ஏறியது. கடைசியில் நல்ல ஆட்டக்காரர்கள், பெரும்பாலும் ஜோடி ஜோடியாக, ஒரே மாதிரி முகமூடி ஒரே மாதிரி உடை.

உடையைச் சொல்ல வேண்டும். ஆடுவது ஆண்கள், ஆனால் பெண் வேஷத்தில் வருகிறவர்கள் மரத்தில் செதுக்கிய மார்பு, துணி அடைத்துப் பெருக்கிய பின்புறம், இடுப்பில் வளையம் வைத்து அகலப்படுத்திய உருவம் என்று வருகிறார்கள். அவர்கள் மேல் சுற்றியிருக்கும் துணிகளில் பாதி ஊர்ப் பெண்களிடம் வாங்கியது. தலைக்கட்டு, குழந்தையை முதுகில் கட்டும் துணி, இடுப்புத் துணி. ஆட்டம் முடிந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டும். எனக்குப் பக்கத்தில் நின்ற அம்மா தன் துணி எந்த ஆட்டக்காரர் மேல் இருக்கிறது என்று எனக்குக் கை காட்டிப் பெருமைப்பட்டார்.

காலில் இரும்புச் சலங்கை, கனமானது. தாளக்காரர்கள் வாசிப்பது வெறும் தாளம் இல்லை, யோருபா மொழியின் ஏற்ற இறக்கத்தில் ஒரு வாக்கியத்தையே மேளம் பேசும். ஆட்டக்காரர் அந்த வாக்கியத்தைக் காலால் திரும்பச் சொல்ல வேண்டும். நம் கச்சேரியில் கோர்வை வந்து விழுவதுபோல மேளத்தின் கடைசி அடியும் சலங்கையின் கடைசி அடியும் ஒரே இடத்தில் விழ வேண்டும். விழுந்தால் கூட்டம் ஓவென்று கத்துகிறது. விழாவிட்டால் முகமூடி எவ்வளவு அழகாக இருந்தும் பிரயோஜனம் இல்லை.

இப்போது கவனியுங்கள். காலில் அத்தனை புழுதி, அத்தனை சத்தம், துணி எல்லாம் பறக்கிறது. மேலே அந்த மர முகம் மட்டும் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கிறது. அதன் தலைமேல் ஒரு வேடிக்கை. மூன்று அடுக்காக ஒரே நேரத்தில் பார்க்கிறோம். சுவரில் மாட்டினால் நடு அடுக்கும் மேல் அடுக்கும் மட்டும் மிஞ்சும், அதையும் தப்பான கோணத்தில் பார்ப்போம், ஏனென்றால் அது சாய்த்து வைக்கச் செய்தது. யோருபாக்காரர்கள் "கெலெடே பார்த்த கண் காட்சியின் எல்லையைப் பார்த்துவிட்டது" என்று சும்மா சொல்லவில்லை. எல்லைச் சாவடியில் நின்ற கடுப்பெல்லாம் எனக்குப் போய்விட்டது.

இக்கேஜாவாசி, மார்ச் 5, பிறகு

பயமுறுத்துவது பற்றி. கெலெடேயின் மொத்த நோக்கமே சாந்தப்படுத்துவது. பெண்களுக்கு, குறிப்பாக வயசான பெண்களுக்கு, பிறப்பித்து வளர்க்கவும் முடியும், கோபம் வந்தால் மழையை நிறுத்தவும் பிள்ளைப்பேற்றைத் தடுக்கவும் முடியும் என்பது அவர்கள் நம்பிக்கை. அந்தச் சக்தியை மொத்தமாக "நம் தாய்மார்கள்" என்று மரியாதையாகக் குறிப்பிடுவார்கள். அவர்களை மகிழ்விக்க, சிரிக்க வைக்க, ஊர் சேர்ந்து செலவு செய்து ஆடும் ஆட்டம் இது. அறுவடை முடிந்து ஆண்டுதோறும் ஆடுவார்கள். மழை பொய்த்தாலும் நோய் பரவினாலும் தனியாக ஆடுவது உண்டு. கோபமாக இருக்கும் பெரியம்மாவைச் சமாதானப்படுத்தப் போகும்போது யாரும் பேய் வேஷம் போட்டுக்கொண்டு போக மாட்டார்கள்.

எல்லா ஆப்பிரிக்க முகமூடியும் ஆவியை அழைக்க, எதிரியை மிரட்ட என்று சினிமாவில் பார்த்து நமக்குள் ஏறிவிட்டது.

இக்கேஜாவாசி, மார்ச் 6

மலர் அக்கா கேட்டது நல்ல கேள்வி: "பெண்களைக் கும்பிடுகிறோம் என்று சொல்லிவிட்டு மேடையை ஆண்களே எடுத்துக்கொள்வது எந்த ஊர் நியாயம்?"

அக்கா, நான் பார்த்தவரை மேடை ஆணுடையது, அதிகாரம் பெண்ணுடையது. கெலெடே சங்கத்தின் தலைமைப் பதவியில் இருப்பவர் இயாலாஷே என்ற பெண். கோயிலுக்குப் பொறுப்பு அவர். அவர் அனுமதியில்லாமல் ஆட்டம் கிடையாது. ஆண்கள் தாய்மார்களுக்கு முன்னால் வேடிக்கை காட்டுகிற பிள்ளைகள், ஏற்பாடே அப்படித்தான். தாய்மார்கள் ஆட வேண்டியதில்லை, அவர்கள் பார்வையாளர்கள்.

இதை எழுதிவிட்டு டீ குடிக்கும்போது, இது ரொம்ப வசதியான பதிலாக இருக்கிறதே என்றும் தோன்றியது. சக்தி இருக்கிறது என்று ஒப்புக்கொள்வதும் அந்தச் சக்தியைப் பார்த்துப் பயப்படுவதும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கின்றன. அதே நம்பிக்கையை வைத்துக்கொண்டு ஒரு கிழவியைச் சூனியக்காரி என்று ஊரே ஒதுக்கவும் முடியும். கெலெடே எடுத்திருக்கும் வழி அதைவிட எவ்வளவோ மேல். துரத்துவதற்குப் பதிலாக விருந்து வைக்கிறது. ஆனாலும் உங்கள் கேள்வி அப்படியே நிற்கிறது, நான் அதை மூடப் பார்க்கவில்லை.

தொடக்கக் கதையிலும் ஆடுவது ஒரு பெண்தான் என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தாய்த்தெய்வம் யெமோஜாவுக்குப் பிள்ளை இல்லை. குறி கேட்கிறாள். தலையில் மரப்பொம்மையும் காலில் சலங்கையும் வைத்து ஆடு என்று வருகிறது. ஆடுகிறாள், எஃபே, கெலெடே என்று இரண்டு பிள்ளைகள் பிறக்கிறார்கள். நடுவில் எங்கேயோ ஆண்கள் வாங்கிக்கொண்டார்கள்.

இக்கேஜாவாசி, மார்ச் 6, இரவு

எஃபே யார் என்று கேட்டார்கள். பகலில் கெலெடே, அதற்கு முந்தின இரவில் எஃபே. கூடும் இடம் பெரும்பாலும் சந்தை, ஏனென்றால் சந்தை பெண்களின் ராஜ்யம். நடுராத்திரி வரை சின்னச் சின்ன வேஷங்கள் வரும். ஒரு கட்டத்தில் எல்லா விளக்கையும் அணைத்துவிடுவார்கள். பெரிய தாயின் முகமூடி இருட்டில், வெள்ளைத் துணியில் வந்து போகும். சில ஊர்களில் அந்த முகமூடிக்கு நீளமாகத் தாடி போல ஒரு பலகை இருக்கும், தாய்க்குத் தாடி. டார்ச் அடித்தீர்கள் என்றால் அடி விழும்.

பிறகுதான் எஃபே. அவர் வேலை பாட்டு. முதலில் தெய்வங்கள், தாய்மார்கள், பெரியவர்கள் எல்லாருக்கும் மரியாதை. அப்புறம் கச்சேரி ஆரம்பம். அந்த வருஷம் யார் யாரை ஏமாற்றினார்கள், எந்த அதிகாரி எவ்வளவு சுருட்டினார், எந்தத் தலைவர் வாக்குக் கொடுத்து மறந்தார், எல்லாம் பாட்டாக வரும். ஊரே பல்லவியைப் பிடித்துக்கொண்டு சேர்ந்து பாடும். பாட்டில் அடிபட்டவர் திருப்பி அடிக்கக் கூடாது, எஃபேக்கு அன்று முழுப் பாதுகாப்பு. நம் குழுமத்தின் மட்டுறுத்துநர்கள் இதைக் குறித்துக்கொள்ளவும்.

எஃபே தலையில் வைப்பது மற்றவற்றைவிடப் பெரிது. நெற்றிமேல் பிறை, பக்கவாட்டில் கத்தி, சிறுத்தை அல்லது பாம்பு, பறவை. சிலவற்றில் மேலே இருக்கும் பொம்மைகளுக்குக் கயிறு கட்டி ஆடுபவரே உள்ளிருந்து இழுத்து அசைப்பார்.

இக்கேஜாவாசி, மார்ச் 7

சுருக்கமாக. சிலர் "பெனின்" என்ற சொல்லில் குழம்புகிறீர்கள். நான் எல்லை தாண்டிப் போனது பெனின் குடியரசு, 1975 வரை டஹோமி என்று பெயர். 1897-ல் பிரிட்டிஷ் படை கொள்ளையடித்த பெனின் நகரம் இன்றைய நைஜீரியாவில் இருக்கிறது, அது எடோ மக்களின் அரசு. மேலே ஒருவர் போட்ட யானைத்தந்த முகமூடிப் படம், ராணி இடியாவுடையது என்பார்களே, அது எடோ, 16-ஆம் நூற்றாண்டு. 1977-ல் லாகோஸில் நடந்த ஆப்பிரிக்கக் கலைவிழாவுக்கு அதைத்தான் சின்னமாக வைத்தார்கள். பிரிட்டிஷ் அருங்காட்சியகம் தர மறுத்தது, நகல் செய்துகொண்டார்கள். அருமையான பொருள். யோருபா இல்லை, தலையில் வைத்து ஆடியதும் இல்லை.

கெலெடேயின் தாய்வீடு என்று பலரும் சொல்லும் கேட்டூ ஒரு யோருபா அரசு. 1886-ல் பக்கத்து டஹோமி அரசின் படை அதை அழித்தது. 1889-ல் பிரெஞ்சும் பிரிட்டிஷும் மேஜையில் உட்கார்ந்து எல்லைக்கோடு போட்டதில் கேட்டூ பிரெஞ்சு பக்கம் போனது. உறவினர்கள் நைஜீரியப் பக்கம். அதனால்தான் கெலெடே இரண்டு நாட்டிலும் ஆடப்படுகிறது. டோகோவிலும் உண்டு. 2001-ல் யுனெஸ்கோ அறிவித்து, 2008-ல் பட்டியலில் சேர்த்தபோது மூன்று நாடுகளின் பெயரும் இருந்தது.

இக்கேஜாவாசி, மார்ச் 9

பிக்காஸோ இதைப் பார்த்துத்தான் வரைந்தாரா என்று கேட்பவருக்கு: 1907-ல் அவர் பாரிஸில் ட்ரொக்கடேரோ அருங்காட்சியகத்துக்குப் போய் ஆப்பிரிக்க முகமூடிகளைப் பார்த்ததும் அசந்ததும் உண்மை. ஆனால் கெலெடே முகத்தைப் பாருங்கள், உருண்டை கன்னம், நிஜமான காது, நிஜமான உதடு. கோணலாக்கி வரைய அதில் அவருக்குப் பெரிதாக ஒன்றும் கிடைத்திருக்காது.

இக்கேஜாவாசி, மார்ச் 10

நேற்று இரவு ஒருவர் போட்ட படம், கீழே பானை போன்ற முரட்டு முகம், மேலே குதிரைவீரன், சுற்றிலும் ஒரு படையே நிற்கிறது. அது கெலெடே இல்லை, எபா. கிழக்கே எகிட்டி பக்கம் போக வேண்டும். கெலெடே மேற்கத்திய யோருபா ஊர்களில்தான், எகிட்டியில் தேடினால் கிடைக்காது. "யோருபா முகமூடி" என்று ஒரே பொருள் இல்லை. ஒவ்வொரு திசைக்கும் ஒரு குடும்பம்.

எபா தலையை முழுக்க மூடும். பானையின் இரண்டு பக்கமும் முகம் இருக்கும், பெரிய கண், பிளந்த வாய். வாய் வழியாகத்தான் வெளியே பார்ப்பது. கீழ்ப்பாகத்தை முரடாக விட்டு, மேல்பாகத்தில் சிற்பி தன் வித்தை முழுக்கக் கொட்டுவார். போர்வீரன், குழந்தைகள் சூழ்ந்த தாய், மூலிகை வைத்தியர், அரசர். உயரம் 4 அடி தாண்டும், 25 கிலோவுக்கு மேல் எடையுள்ளவை உண்டு. அதைத் தலையில் வைத்துக்கொண்டு ஆடுவது போதாதென்று, மண்மேட்டின் மேல் தாவி ஏறி நிலைதடுமாறாமல் நிற்க வேண்டும். தடுமாறினால் ஊருக்கு ஆகாது. ஜிம்முக்குப் போகும் தம்பிகள் கவனிக்க, கழுத்துக்குத் தனிப் பயிற்சி தேவை.

மூன்றாவது எகுங்குன். முன்னோர் திரும்பி வருவது. இதில் பெரும்பாலும் துணிதான் முகமூடி, அடுக்கடுக்காகத் துணி, தரையைக் கூட்டிக்கொண்டு வரும். அபெயோகுட்டா மாதிரி சில ஊர்களில் மரத்தலையும் வைப்பார்கள். இங்கே ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. எகுங்குனுக்குள் யார் என்று கேட்கக் கூடாது. துணியைத் தொடக் கூடாது, கூட வருகிறவர் கையில் சாட்டை இருக்கும். கெலெடேயில் உள்ளே யார் என்று எல்லாருக்கும் தெரியும், தெரிவதில் ஒரு தப்பும் இல்லை. நான் பார்த்த ஆட்டத்தில் ஒருவர் அபாரமாக ஆடி முடித்தபோது பக்கத்துப் பையன் என் காதில் "எங்கள் தெரு வெல்டர்" என்றான். அந்தப் பெருமை ஆளுக்கும் சேர்த்துத்தான், முகமூடிக்கு மட்டும் இல்லை.

மறைப்பதற்குத்தான் முகமூடி என்று நினைத்துக்கொண்டு போனவன் நான். இந்த இழையில் நான் எழுதுவதெல்லாம் அந்த ஒரு விஷயத்தைத்தான் சுற்றுகிறது என்று இப்போது மேலே படித்துப் பார்த்தால் தெரிகிறது. கெலெடே எதையும் மறைக்கவில்லை. ஊர் வெளியே பேச வெட்கப்படுவதை எடுத்துத் தலைமேல் வைத்துக் காட்டுகிறது. அதனால்தான் அதன்மேல் மோட்டார் சைக்கிள் இருப்பது எனக்குக் கொஞ்சமும் உறுத்தவில்லை.

இக்கேஜாவாசி, மார்ச் 11

பெயின்ட் பற்றி ஊர்சுற்றிக்குப் பதில் சொல்லவேயில்லை.

புதுப் பெயின்ட் என்பது போலிக்கு அடையாளம் இல்லை. திருவிழாவுக்கு முன்னால் முகமூடிக்கு மறுபடி வர்ணம் அடிப்பது வழக்கம். முன்பு அவுரி நீலம், செம்மரப் பொடி, வெள்ளைக் களிமண். பிறகு துணிக்குப் போடும் சலவை நீலம். இப்போது ஹார்டுவேர் கடை எனாமல். ஒரு சின்ன இடத்தில் உரிந்திருந்தால் கீழே வேறு நிறம், அதற்குக் கீழே இன்னொன்று என்று அடுக்குத் தெரியும். அந்த அடுக்குதான் அது ஆடியதற்குச் சாட்சி.

வேடிக்கை என்னவென்றால், மேற்கத்திய சேகரிப்பாளர்களுக்கு இது பிடிப்பதில்லை. அவர்களுக்குக் கறுப்பாக, எண்ணெய் ஏறி, பழமை மணக்க வேண்டும். அதனால் வியாபாரிகள் நல்ல பெயின்ட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு ஷூ பாலிஷ் தேய்க்கிறார்கள், புகை போடுகிறார்கள், மண்ணில் புதைத்து எடுக்கிறார்கள். நிஜத்தைப் போலியாக்கினால்தான் நிஜம் என்று விற்க முடிகிறது. லாகோஸின் லெக்கி கலைப்பொருள் சந்தையில் ஒரு கடையில் நான் வர்ணம் அடித்த ஒன்றைக் கையில் எடுத்ததும் கடைக்காரர் "ஓகா (நம் 'சார்' மாதிரி), அது பிள்ளைகளுக்கு, உங்களுக்கு ஒரிஜினல் உள்ளே இருக்கிறது" என்று கூட்டிப்போய் இருட்டறையில் கரி பூசியதைக் காட்டினார். விரலில் ஒட்டியது. விலை நாலு மடங்கு.

இக்கேஜாவாசி, மார்ச் 13

"சிற்பி பெயரே இல்லாத கலை" என்று எழுதியவருக்குக் கொஞ்சம் காட்டமாகவே சொல்கிறேன். பெயர் இருந்தது. வாங்கிக்கொண்டு போனவர்கள் கேட்டு எழுதிக்கொள்ளவில்லை.

இசே ஊர் ஓலோவே, 1938-ல் இறந்தார். இக்கெரே அரண்மனைக்கு அவர் செதுக்கிய கதவில் ஒரு பக்கம் அரசர் கம்பீரமாக உட்கார்ந்திருக்கிறார், இன்னொரு பக்கம் பிரிட்டிஷ் அதிகாரி ஒருவரை ஆட்கள் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். அதிகாரி அந்தத் தூக்குப்படுக்கையில் முழங்காலை மடக்கி இடுங்கி உட்கார்ந்திருக்கும் விதத்தைப் பார்த்தால் சிற்பி யார் பக்கம் என்று சொல்லிவிடலாம். அந்தக் கதவை 1924-ல் லண்டன் வெம்பிளி கண்காட்சிக்குக் கொண்டுபோனார்கள். பிரிட்டிஷ் அருங்காட்சியகம் விலைக்குக் கேட்டது. அரசர் விற்க மறுத்து, பதிலுக்கு இங்கிலாந்தில் செய்த ஒரு சிம்மாசனத்தை வாங்கிக்கொண்டார். ஓலோவே வேறு கதவு செதுக்கிக் கொடுத்தார். தூக்குப்படுக்கையில் வந்த துரையும் மோட்டார் சைக்கிள்காரனும் என் கண்ணுக்கு ஒரே ஜாதி. கண்ணெதிரே வந்ததை அப்படியே மரத்தில் ஏற்றிவிட்டார்கள்.

ஓடோ-ஓவா ஊர் பாம்போயே எபா முகமூடிக்குப் பேர்போனவர். ஓசி ஊர் அரேயோகுன், அவர் மகன் பண்டேலே. அந்த பண்டேலேயிடம் ஓயே-எகிட்டியில் தொழில் கற்றவர் லமிடி ஃபக்கேயே. அந்தப் பட்டறையை நடத்தியது ஒரு கத்தோலிக்கப் பாதிரியார், கெவின் காரல். 1947-ல் தொடங்கியது. யோருபா சிற்பிகளை வைத்து மாதாகோயிலுக்குக் கதவும் சிலையும் செய்ய வைத்தார். ஃபக்கேயே முஸ்லிம். ஆக, பழைய தெய்வங்களுக்குச் செதுக்கிய பரம்பரைக்காரரிடம் கற்று, பாதிரியாருக்கு வேலை செய்த முஸ்லிம். இஃபே பல்கலைக்கழகத்தில் இருக்கும் ஒடுடுவா சிலை, யோருபா மக்களின் மூதாதை அவர், ஃபக்கேயே செய்தது. யாருக்கும் மதம் இடிக்கவில்லையா என்று கேட்காதீர்கள், இடித்திருக்கும், ஆனால் உளி நிற்கவில்லை.

வேலை முறை பற்றி ஒரு வரி. ஈரமரத்தில், முழுக்கட்டையிலிருந்து, பெரும்பாலும் வாச்சியால். முதலில் மொத்த உருவம், அப்புறம் கண், காது, கை என்று பிரிப்பது, அப்புறம் வழவழப்பாக்குவது, கடைசியில் கத்தியால் கோடு. வழவழப்பாக்கும் கட்டத்துக்கு முன்னால் கோடு போட ஆரம்பிப்பவன் கற்றுக்குட்டி. இரும்புக் கருவி எல்லாம் ஓகுன் தெய்வத்துக்கு உரியது, மரத்தில் கை வைக்கும் முன் அவருக்கு ஒரு வார்த்தை.

இக்கேஜாவாசி, மார்ச் 14

கன்னத்து மூன்று கோடு அலங்காரம் இல்லை, பேலே என்ற கீறல் அடையாளம். குழந்தையிலேயே கன்னத்தில் கீறுவார்கள், எந்தக் குடும்பம், எந்த ஊர் என்று முகமே சொல்லும். லாகோஸில் என் அலுவலகத்தில் இருந்த வயசான காவலாளிக்கு இருந்தது, அவர் பேரப்பிள்ளைகளுக்கு இல்லை. 2003-ன் குழந்தைகள் உரிமைச் சட்டம் குழந்தையின் தோலில் இப்படி அடையாளம் போடுவதைக் குற்றமாக்கிவிட்டது, நல்லதுதான். இப்போது அந்தக் கோடுகளை அதிகம் பார்க்க முடிவது மரத்தில்தான்.

இக்கேஜாவாசி, மார்ச் 17

ஊர்சுற்றியின் மைத்துனர் புதுப் படங்கள் அனுப்பியிருக்கிறார். விளிம்பில் துளை இருக்கிறது, ஓரம் தேய்ந்திருக்கிறது, நீலத்துக்குக் கீழே பச்சை, பச்சைக்குக் கீழே வெள்ளை. உள்ளே ஒரு பக்கம் கறுத்து வழவழப்பாக இருக்கிறது. ஆடியதுதான் என்பேன். வாங்கட்டும், ஆனால் நூறு வருஷ விலையில் வேண்டாம். கேட்ட விலையில் கால்வாசியில் ஆரம்பித்து, ஒருமுறை கடையை விட்டு வெளியே நடந்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

"ஊரில் ஆடியதை வாங்குவது சரியா" என்று மலர் அக்கா கேட்கிறார். கெலெடே முகமூடி பழசானால் புதிது செய்துகொள்வார்கள், பழையதை விற்பதும் உண்டு. அது தனியாளின் சொத்தாக இருந்தால் எனக்கு உறுத்தல் இல்லை. பெரிய தாயின் வெள்ளை முகமூடி, தாடிப் பலகையோடு, எந்தக் கடையில் வந்தாலும் தொட வேண்டாம் என்பது என் கட்சி. அது கோயிலுக்கு உரியது, நேர்வழியில் கடைக்கு வந்திருக்காது.

நைஜீரியாவிலிருந்து வெளியே கொண்டுவர தேசிய அருங்காட்சியகங்கள் மற்றும் நினைவுச்சின்னங்கள் ஆணையத்தின் அனுமதிச் சீட்டு எடுக்க வேண்டும். பழங்கலைப் பொருளைக் கொண்டுபோகச் சட்டத்தில் தடை இருக்கிறது, புதுப் பொருளுக்கும் விமான நிலையத்தில் "இது பழங்கலை இல்லை" என்ற சீட்டைக் கேட்பார்கள். ரசீதில் கடைக்காரர் "நூறு வருஷம்" என்று எழுதித் தந்தால் வாங்கிக்கொண்டு வராதீர்கள், அந்தப் பொய்யே உங்களை மாட்டிவிடும்.

கடைசியாக, மரத்துக்குள் பூச்சி இருக்கும். இந்தியாவுக்குக் கொண்டுவந்து நேராகத் தேக்கு அலமாரி பக்கத்தில் வைக்காதீர்கள். வேப்பெண்ணெய், வார்னிஷ் எதுவும் தடவ வேண்டாம், பெயின்ட் அடுக்கு போய்விடும். பிளாஸ்டிக்கில் காற்றுப் புகாமல் சுற்றி, ஆழ்உறை ஃப்ரீசரில் ஓரிரு வாரம் வைத்து, வெளியே எடுத்தபின் சுற்றியதைப் பிரிக்காமல் ஒரு நாள் விடுங்கள். அருங்காட்சியகங்களிலும் உறையவைத்துத்தான் பூச்சியைக் கொல்கிறார்கள். ஃப்ரீசரில் மீனுக்கு இடமில்லை என்று வீட்டில் சண்டை வந்தால் அதற்கு என்னிடம் யோசனை இல்லை.